வளர்த்த உயிரும் வளர்த்தவர் கடமையும்

ஒரு பொருளை வைத்திருப்பது வேறு. ஓர் உயிரை வளர்ப்பது வேறு. பொருள் கெட்டால் பழுது பார்க்கிறோம். பழுது பார்க்க இயலாவிட்டால் அதனை எறிந்துவிட்டு வேறொன்றை வாங்குகிறோம். உயிர் மறைந்தால் அவ்வாறு செய்துவிட இயலுமா? இயலும் என்கிறது சந்தை. இயலாது என்கிறது நெஞ்சம். இவ்விரண்டிற்கும் இடையே நின்று தடுமாறும் மனிதனுக்கு அறம் யாது கூறுகிறது என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் பொருளாகும்.

இவ்வாராய்ச்சிக்கு யானையையோ பசுவையோ எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. யானைக்குப் பெருமிதம் உண்டு. பசுவைத் தெய்வமாக வணங்குவோர் உளர். நாயின் நன்றியுணர்வைக் கண்டு நாம் உருகுகிறோம். அவற்றின்பால் இரக்கம் கொள்வது எளிது. கோழியோ அத்தகைய மதிப்பைப் பெறாத எளிய உயிர். முருகன் கொடியில் சேவல் இருக்கிறது. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் வழங்கியது. எனினும் நடைமுறை வாழ்க்கையில் அதன் முட்டையை உண்கிறோம்; ஒருநாள் அதனையும் உண்கிறோம். உண்பதற்கென வளர்க்கப்படும் உயிரிடத்தில் நமக்குக் கடமை உண்டா? அது நோயுற்று மடிந்தால் அந்த இழப்பை எவ்வாறு ஏற்பது முறை? இவ்வினாக்களை எழுப்பக் கோழிக்கூட்டைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

தேக்காவும் கம்பமும்

சிங்கப்பூரில் இன்று வீட்டில் கோழி வளர்ப்போர் மிகச் சிலரே. ஆயினும் இந்நகரம் விலங்குகளோடு சேர்ந்து வளர்ந்தது என்பதை இடப்பெயர்களே உணர்த்துகின்றன. சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதிக்குக் கண்டாங் கெர்பாவ் என்பது மலாய்ப் பெயர். எருமைத் தொழுவம் என்பது அதன் பொருள். எருமையின் பெயர் தாங்கிய பஃபலோ சாலையும், கால்நடை வணிகர் ஒருவரின் பெயர் தாங்கிய பெலிலியோஸ் சாலையும் இன்றும் அங்கே உள்ளன. பொங்கல் திருநாளையொட்டி லிட்டில் இந்தியாவில் மாடுகளைக் கொண்டுவந்து கட்டும்போது, மாட்டை அருகில் கண்டறியாத சிறுவர்கள் வியப்போடு சூழ்ந்து நிற்கிறார்கள். தொழுவத்தின் பெயரால் அமைந்த இடத்தில் மாடு ஒரு காட்சிப் பொருளாகிவிட்டது.

கோழியின் கதையும் இத்தகையதே. கம்பத்து வீடுகளில் கோழி குடும்பத்தின் ஓர் உறுப்பு. அது முற்றத்தில் மேய்ந்தது. எஞ்சிய சோற்றை உண்டது. விருந்தினர் வரும் நாளில் குழம்பாயிற்று. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 ஆம் ஆண்டில் தோன்றிய பிறகு, மக்கள் படிப்படியாக அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். அவ்வீடுகளில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. கூண்டில் கிடக்கும் கோழியைக் கையால் தூக்கி எடை பார்த்துத் தேர்ந்தெடுத்து, அங்கேயே அறுத்து வாங்கும் வழக்கம் தேக்காச் சந்தை போன்ற ஈரச் சந்தைகளில் ஒரு காலத்தில் இருந்தது, அதுவும் மறைந்துவிட்டது. இன்று நம் குழந்தைகள் கோழியை அறிவது குளிர்பெட்டியின் வாயிலாகத்தான்.

இம்மாற்றங்களால் விளைந்த நன்மைகள் பல. தூய்மை பெருகியது, நோய் குறைந்தது. அவற்றை மறுப்பது நன்றன்று. ஆனால் ஒன்றனை நாம் இழந்தோம். ஓர் உயிரின் பிறப்பையும் வளர்ப்பையும் நோயையும் இறப்பையும் அருகிருந்து காணும் கல்வி நம்மை விட்டு அகன்றது. அக்கல்வியில் அடங்கியிருந்த பாடம் யாது?

காப்பது என்பது

வளர்ப்பு என்னும் சொல்லைக் கேட்டவுடன் தீனி போடுவதே நினைவுக்கு வருகிறது. கோழி வளர்ப்பை அறிந்தவர்களோ, தீனியைவிடக் கவனிப்பே முதன்மையானது என்பார்கள். கோழி இயல்பிலேயே பிற விலங்குகளுக்கு இரையாகும் பறவை. தளர்ந்தது என்று வெளியே தெரிந்தால் பகைக்கு எளிதாகும் என்பதால் அது தன் நோயை இயன்றவரை மறைக்கும். இறகு சிலிர்த்துக் கண்மூடி ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும் நிலையை அது அடையும்போது, நோய் முற்றிவிட்டது என்றே கொள்ள வேண்டும். ஆகவே நாள்தோறும் காலையில் கூட்டைத் திறக்கும்போது ஒவ்வொன்றையும் உற்று நோக்குதல் வேண்டும். எது முதலில் ஓடி வந்தது? எது பின்தங்கியது? எதன் கொண்டை வெளிறியது? எச்சத்தின் நிறம் மாறியிருக்கிறதா? வாய் திறந்து சொல்ல இயலாத உயிரின் துன்பத்தை அது சொல்லுமுன் அறிவதே காப்பு எனப்படும்.

நம் தீவின் தட்பவெப்பமும் கருதத்தக்கது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அலகைத் திறந்து மூச்சு வாங்கியே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் அவ்வழியும் எளிதன்று. எனவே நிழலும் காற்றோட்டமும் குளிர்ந்த தூய நீரும் அதற்கு இன்றியமையாதவை. தரையில் பரப்பிய உமியோ மரத்தூளோ ஈரமானால், குஞ்சுகளைக் கொல்லும் இரத்தக்கழிச்சல் நோய்க்கு அதுவே விளைநிலமாகும். சிந்திய தீனி எலியை அழைக்கும். கூட்டின் சிறு இடுக்கு மலைப்பாம்புக்கும் மரநாய்க்கும் வாயிலாகும். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரையேனும் தனியே வைத்துப் பார்க்காமல் மற்றவற்றோடு விட்டால், ஒன்றன் நோய் அனைத்தையும் பற்றும்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது நம் முன்னோர் மொழி. வளர்ப்பவரின் கவனக்குறைவு மிதித்தாலோ கூடே அழியும். கூட்டில் அடைத்தபோதே கோழியின் தற்காப்பு வழிகளை நாம் பறித்துவிட்டோம். காட்டில் அது மரக்கிளையில் ஏறித் தப்பும். நம் கூட்டில் தப்ப இயலாது. வீட்டுக்கோழியின் மூதாதையாகிய செங்காட்டுக்கோழி இன்றும் உபின் தீவில் தன் வலிமையாலேயே வாழ்கிறது. அதனிடத்தில் நமக்குள்ள கடமை, அதனை அதன் போக்கில் விட்டுவிடுவதே. கூட்டுக்கோழியிடத்தில் உள்ள கடமையோ அன்றாடக் கடமை. பறித்த உரிமைக்கு ஈடாக நாம் கொடுக்க வேண்டிய கடன் அது. அந்தக் கோழியை நாளை உண்போமா, உண்ண மாட்டோமா என்பது இக்கடனின் அளவை மாற்றுவதில்லை.

இழப்பு நேரும்போது

எவ்வளவு காத்தாலும் இழப்பு நேரும். இங்கேதான் வளர்ப்பவரின் பண்பு வெளிப்படுகிறது. ஒரு நோயை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நம் சிற்றூர்களில் வெள்ளைக்கழிச்சல் என்று வழங்கும் நோயை, 1926 ஆம் ஆண்டில் அது கண்டறியப்பட்ட ஆங்கில நகரின் பெயரால் நியூகாசில் நோய் என்பர். இந்தியாவில் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கெட் என்னும் ஊரின் பெயரால் அது அறியப்படுகிறது. தடுப்பூசி பெறாத கூட்டத்தில் இதன் கொடிய வகை புகுந்தால், சில நாள்களில் ஏறத்தாழ எல்லாக் கோழிகளும் மடியலாம். வந்தபின் தீர்க்கும் மருந்து இல்லை. வருமுன் காக்கும் தடுப்பூசி உண்டு. தமிழகத்தில் கால்நடைப் பராமரிப்புத் துறையினர் முகாம்கள் அமைத்து அதனைப் போட்டு வருகின்றனர்.

தடுப்பூசி போடாத ஒரு வீட்டில் காலையில் இரண்டு கோழிகள் மடிந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். எஞ்சியவை பத்து. அவையும் பிழைப்பது அரிது. வளர்த்தவர் என்ன செய்வார்? அவர்முன் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி மறைத்தல். மடிந்தவற்றை இருளில் கொண்டுபோய் ஓடையிலோ குப்பையிலோ எறிந்துவிட்டு, யாரிடமும் சொல்லாதிருத்தல். இரண்டாம் வழி தள்ளிவிடுதல். எஞ்சிய பத்தையும் விரைந்து சந்தைக்குக் கொண்டுபோய் வந்த விலைக்கு விற்றுவிடுதல். வறுமையில் வாடுவோர் பல நாடுகளில் இவ்வழியை மேற்கொள்கின்றனர். சந்தை வழியாக நோய் ஊர் ஊராகப் பரவுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பர் கால்நடை மருத்துவர். மூன்றாம் வழி ஏற்றல். நோயுற்றவற்றைத் தனியே பிரித்தல், மற்றவற்றைக் கவனித்த பிறகே அவற்றிடம் செல்லுதல், கையும் காலணியும் கழுவுதல், மடிந்தவற்றை ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு இட்டுப் புதைத்தல், கால்நடை மருத்துவருக்கும் அண்டை வீட்டாருக்கும் அறிவித்தல், மடிந்ததன் காரணத்தைக் கேட்டறிதல்.

முதல் இரண்டு வழிகளிலும் இழப்பு மறைவதில்லை. அது இடம் மாறுகிறது. வளர்த்தவரின் இழப்பு ஓடைநீரைப் பயன்படுத்துவோருக்கும், சந்தையில் வாங்கிய ஏழைக்கும், அவர் வீட்டுக் கோழிகளுக்கும் சென்று சேர்கிறது. சந்தையில் நோயுற்ற கோழியை விற்றவர் பொய் எதுவும் கூறாமலிருக்கலாம். வாங்கியவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. ஆயினும் அந்த மௌனத்திற்கு விலை உண்டு. அவ்விலையை முன்பின் அறியாத ஒருவர் செலுத்துகிறார். தனக்கு நேர்ந்த இழப்பைத் தான் ஏற்றுக்கொண்டு, பிறர்மேல் ஏற்றாதிருத்தலே இழப்பின் அறம் எனலாம்.

கொன்று உண்பவன் கோழி இறந்ததற்காக வருந்துவது, ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அன்றோ என்று சிலர் கேட்கலாம். கேள்வி கூர்மையானது; எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. திருவள்ளுவர் அருளுடைமைக்கும் புலால் மறுத்தலுக்கும் கொல்லாமைக்கும் தனித்தனி அதிகாரங்கள் வகுத்திருக்கிறார். பயிரின் துன்பத்தையும் தம் துன்பமாக உணர்ந்தவர் வடலூர் வள்ளலார். அவர்கள் காட்டிய நெறி உயர்ந்தது. அதனைப் பின்பற்றுவோர் போற்றத்தக்கவர். அந்நெறியை இன்னும் எய்தாதவர்க்கு அறமே இல்லை என்று கூறிவிடலாமோ? அவ்வாறு கூறினால், உண்பவர் எக்கொடுமையும் செய்யலாம் என்று உரிமை அளித்தவராவோம். ஓநாயின் கண்ணீர் பொய்யாவதற்குக் காரணம், அது ஆட்டை மழையிலிருந்து காக்க ஒன்றும் செய்யாமையே. வருந்தியவர் மறுநாளே கூட்டின் இடுக்கை அடைத்தார், எஞ்சிய கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டார் என்றால், அவர் வருத்தம் மெய்யானது. அடுத்த செயலே வருத்தத்திற்குச் சான்று.

கொல்லும் இரக்கம்

இதனினும் கடினமான நிலை ஒன்றுண்டு. பிழைக்க வழியின்றித் துடிக்கும் கோழியை என்ன செய்வது? தானே சாகட்டும் என்று விட்டுவிடுவது கொல்லாமை ஆகுமா?

1928 ஆம் ஆண்டில் சபர்மதி ஆசிரமத்தில் கன்று ஒன்று தீராத நோயால் துடித்தது. காந்தியடிகள் ஆசிரமத்தாரோடு கலந்து ஆராய்ந்த பின், மருத்துவரைக் கொண்டு ஊசி மருந்தால் அதன் உயிரை முடிக்கச் செய்தார். அகிம்சையைத் தம் வாழ்வாகக் கொண்டவர் கன்றைக் கொல்வதா என்று நாடெங்கும் கண்டனம் எழுந்தது. காந்தியடிகள் அதனை மறைக்கவில்லை. தம் இதழ்களிலேயே எழுதித் தம் செயலுக்கு விளக்கம் தந்தார். தன்னலமின்றி, துன்புறும் உயிரின் துயரைத் தீர்ப்பதற்காகவே செய்யும் செயல் அகிம்சைக்கு மாறானதன்று என்பது அவர் கருத்து.

இதனை ஏற்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆயினும் அந்நிகழ்ச்சியிலிருந்து சில அளவுகோல்களை நாம் பெறுகிறோம். செயல் அவ்வுயிரின் பொருட்டுச் செய்யப்படுகிறதா, நம் வசதியின் பொருட்டா? வேறு வழிகளைத் தேடிப் பார்த்தோமா? செய்ததை வெளிப்படையாகச் சொல்ல நம்மால் இயலுமா? இம்மூன்றற்கும் நேரிய விடை உண்டென்றால், துடிக்கும் கோழியின் துயரை விரைந்து முடிக்கும் கை கொடிய கையன்று. கண்ணைத் திருப்பிக்கொண்டு போய்விடுபவரின் தூய கையைவிட அது இரக்கமுடையதாகவும் இருக்கலாம்.

உடையவர் இல்லாத உயிர்கள்

இவ்வளவுகோல்களைக் கொண்டு, நம் நகரில் நிகழ்ந்த ஒன்றனை நோக்குவோம். சின் மிங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீடுகளைச் சுற்றிக் கோழிகள் சில உரிமையாளர் இன்றித் திரிந்தன. சேவல்களின் ஒலி பற்றிக் குடியிருப்பாளர் சிலர் புகார் செய்தனர். 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அப்போதிருந்த வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் 24 கோழிகளைப் பிடித்துக் கொன்றது. செய்தி பரவியதும் பலர் மனம் வருந்தினர். ஒலித் தொல்லைக்கு உயிர்ப் பறிப்பா என்று கேட்டனர். பறவைக் காய்ச்சல் பரவக்கூடிய இடரும் உண்டு என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. நாடாளுமன்றத்திலும் அது பேசப்பட்டது.

அவ்விடரைச் சிறிதென்று எண்ணுதல் தவறு. ஹாங்காங்கில் 1997 ஆம் ஆண்டில் பறவைக் காய்ச்சல் 18 பேரைப் பற்றி அறுவரின் உயிரைக் கொண்டது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகள் அழிக்கப்பட்டன. 2004 ஆம் ஆண்டில் கிளந்தானில் அந்நோய் தோன்றியபோது, சிங்கப்பூர் மலேசியக் கோழி இறக்குமதியை நிறுத்தி வைத்தது. மக்கள் நெருங்கி வாழும் தீவில் நோயை முன்னறிந்து தடுப்பது அரசின் கடமை. ஆனால் நோயைத் தடுக்கக் கொல்வதும் ஒலியைத் தடுக்கக் கொல்வதும் ஒன்றல்ல. முதலாவது பல உயிர்களைக் காக்கும் பொருட்டு எழுவது; இரண்டாவது நம் உறக்கத்தின் பொருட்டு எழுவது. இரண்டு காரணங்களும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கும்போது மக்கள் மனம் கலங்குவது இயல்பே.

அந்த 24 கோழிகளுக்கும் உடையவர் எவரும் இலர். யாருக்கும் இழப்பில்லை என்று கணக்கு முடிந்துவிடும். உடையவர் இல்லாத உயிர்களே எங்கும் எளிதில் பலியாகின்றன. தீனி போட்டு மகிழ்ந்தவர் பலர். கூடு அமைத்துப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை ஏற்றவர் எவர்? பொறுப்பை ஏற்காத அன்பும் ஒருவகையில் அவ்வுயிர்களை இடருக்குள்ளாக்குகிறது. சிங்கப்பூரில் தனி வீடுகளில் வாழ்வோர் வணிக நோக்கமின்றிப் பத்துக் கோழிகள் வரை வளர்க்கலாம். காட்டுப் பறவைகள் நெருங்காதவாறு வலையிட்ட கூட்டில் அவற்றை வைத்தல் வேண்டும் என்பது விதி. வளர்ப்பவர் தம் அன்புக்கு எல்லையும் பெயரும் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே இவ்விதியின் உட்பொருள்.

நம் பங்கு

நாமோ கோழி வளர்க்கவில்லை; இவ்வறம் நமக்கு எதற்கு என்று அடுக்குமாடி வீட்டில் வாழும் மாணவர் கேட்கலாம். நாம் உண்ணும் முட்டையும் இறைச்சியும் எவரோ வளர்த்த கோழியினுடையவையே. மலேசியா 2022 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளில் கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது, சந்தைக் கடைகள் சில மூடிக் கிடந்தன. கோழிச்சோறு விற்போர் கவலையுற்றனர். வேண்டிய பொருள் கிடைக்காதபோதுதான் அதற்குப் பின்னால் ஓர் உயிரும் ஓர் உழவரும் இருப்பது நமக்கு நினைவுக்கு வருகிறது.

சிற்றூரில் நோயை மறைத்து விற்ற ஏழையை மேலே குறை கூறினோம். அவர் நிலையில் நின்றும் பார்த்தல் வேண்டும். நோய் என்று அறிவித்தால் எல்லாக் கோழிகளையும் அழிப்பார்கள்; ஈட்டுத்தொகை கிடைக்காது; பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு என்ன செய்வது? உலக வங்கியும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் பிற அமைப்புகளோடு சேர்ந்து 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, உழவருக்கு உரிய ஈட்டுத்தொகையை உரிய காலத்தில் அளிப்பது நோய்த் தடுப்புக்கு இன்றியமையாதது என்று வலியுறுத்தியது. அறிவித்தவரே இழப்பு முழுவதையும் சுமக்க வேண்டுமானால், உண்மை பேசுவது செல்வர்க்கு மட்டும் இயலும் அறமாகிவிடும். ஒருவர் தம் இழப்பைப் பிறர்மேல் தள்ளாதிருக்க வேண்டுமானால், பிறர் தாமாக முன்வந்து அதில் ஒரு பங்கை ஏற்க வேண்டும். தனிமனித அறமும் சமுதாய அறமும் சந்திக்கும் இடம் இதுவே.

சோழர் தம் முன்னோனாகப் போற்றிய சிபியின் கதையை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். புறாவைக் காத்தான் என்று மட்டும் சொல்லி முடித்துவிடுகிறோம். பருந்தின் பசியையும் அவன் எண்ணிப் பார்த்தான் என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். புறாவைக் காத்தால் பருந்துக்கு இழப்பு; பருந்துக்குக் கொடுத்தால் புறாவுக்கு இழப்பு. அவன் அவ்விழப்பை இரண்டில் ஒன்றன்மேல் தள்ளாமல் தன் உடலில் ஏற்றான். நம்மில் எவரும் தசையை அரிந்து தர வேண்டியதில்லை. காலையில் ஒருமுறை கூட்டை உற்று நோக்குவதும், மடிந்த கோழியை முறையாகப் புதைப்பதும், அண்டை வீட்டாரிடம் உண்மையைச் சொல்வதும், அவ்வாறு சொன்னவர் நொடிந்துபோகாமல் தாங்குவதும் போதும். சிபி தராசில் ஏறி உட்கார்ந்தான். நாம் நம் பங்கை எடையிட்டுக் கொடுத்தாலே அறம் நிலைபெறும்.